அத்தியாயம் 6: ஈடு செய்தபின் சமாதானம்

ஒப்புரவு, சமூக நீதி, படைப்பைப் பேணுதல் ஆகிய மூன்றும் சபையின் கால அட்டவணையில் மூன்று தனி ஞாயிறுகளாக வருகின்றன. மூன்று பிரசங்கம், மூன்று சிறப்புக் காணிக்கை, மூன்று குழு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சபை இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது. சாக்கடை போய்த் தேங்குகிற இடத்தையொட்டித்தான் பல ஊர்களில் காலனி இருக்கிறது. அடைப்பெடுக்கக் கூப்பிடப்படுகிறவரும் அந்தக் காலனிக்காரர்தான். அவர் குடும்பம் கோயிலுக்கு வந்தால் எங்கே உட்காருகிறது, பந்தியில் யார் பக்கத்தில் இலை விழுகிறது என்பதும் அதே கதையின் தொடர்ச்சிதான். நீரும் சாதியும் கூலியும் ஒரே ஆளின் தலைமேல் வந்து விழுகின்றன.

ஆகவே இந்த அத்தியாயம் சொல்வது ஒரே வேலை. அதில் வரிசை முக்கியம். முதலில் உண்மையைக் கேட்பது, அடுத்து கெட்டதைச் சரிசெய்வது, அதன்பிறகு சமாதானம் கூறுவது. மூன்றாவதில் தொடங்குகிற சபையில், கைகுலுக்கிய அடுத்த வாரமே பழைய பிணக்கு தலைதூக்குகிறது.

வேதம் காட்டும் வரிசை

மத்தேயு 5:23–24-ஐச் சேகரக் குழுவில் சேர்ந்து வாசியுங்கள். காணிக்கை கொண்டுவந்தவருக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவரச் சொல்கிறார் இயேசு. குறைப்பட்டவர் எதிரில் இருப்பவர். எழுந்து நடக்க வேண்டியவர் காணிக்கைக்காரர். லூக்கா 19-இல் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக அறிவிக்கப்படுகிறது. 1 கொரிந்தியர் 11-இல், வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிற பந்தியைக் கர்த்தருடைய விருந்து என்று ஏற்கப் பவுல் மறுக்கிறார்.

1950-இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறை, சமாதானத்தைக் கையோடு கை கொடுத்துக் கடத்தும் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தது. அது காணிக்கை படைப்பதற்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. பீடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சமாதானம் கடைசி வரிசை வரை போய்ச் சேருகிறதா, நடுவில் எந்தக் கையோடு நின்றுவிடுகிறது என்று ஒரு ஞாயிறு கவனியுங்கள். உங்கள் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் படி: சபையின் கதையை முழுதாக எழுதுங்கள்

கொங்கு நாட்டுச் சபை வரலாறு பெருமைக்குரியது. 17-ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் இயேசு சபையார் கருமத்தம்பட்டி வட்டாரத்தில் பணி செய்தார்கள். 1830-இல் லண்டன் மிஷன் சங்கத்தின் டபிள்யூ. பி. ஆடிஸ் கோவைக்கு வந்தார். 1950-இல் உருவான கோயம்புத்தூர் திருமண்டலத்துக்கு, பக்தி மார்க்கத்தின் வழியே கிறிஸ்துவைப் பேசிய ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார்.

அந்த வரலாற்றில் சாதிக்கும் ஓர் இடம் உண்டு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டே விலகினார்கள். கத்தோலிக்கத் தரப்பில் மரியோன் பிரெசியாக் 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கோவைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். சாதி வழக்கங்களையும் சடங்குகளையும் எந்த அளவுக்குச் சபைக்குள் விடலாம் என்ற கேள்வி அவரை விடாமல் அரித்தது. மனசாட்சிக்கு ஒத்த விடை கிடைக்காமல் 1850-களின் நடுவில் பொறுப்பைத் துறந்து இந்தியாவை விட்டுப் போனார். பிறகு ஆப்பிரிக்க மிஷன் சங்கத்தைத் தொடங்கி, 1859-இல் சியரா லியோனில் இறந்தார்.

1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்ற பிரிவுகளை ஒன்றாக்க நம் முன்னோர் 28 ஆண்டு பொறுமையாகப் பேசினார்கள். சாதிப் பிரிவைப் பற்றி நம் சபை ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசியதுண்டா?

செய்ய வேண்டியது: சபையின் ஆண்டு விழா மலரில் வழக்கமாக வரும் ஆயர்கள் பட்டியலோடு நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் யார்? கோயில் கட்ட மண் சுமந்தவர்கள் யார்? சேகரக் குழுவில் இதுவரை இடம்பெறாத குடும்பங்கள் எவை? சபையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்?

இரண்டாம் படி: கேட்கும் காலம்

லெந்து காலம் இதற்குப் பொருத்தமானது. நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேராவது பெண்கள். ஒருவராவது தலித் குடும்பத்து மூத்தவர். சபைத் தேர்தலில் நிற்கப் போகிறவர் ஒருவரும் வேண்டாம். இவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். கோயில் அறைக்குக் கூப்பிட்டனுப்பினால் வருகிறவர் கைகட்டி நிற்பார். சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டார்.

போகிற வீட்டில் திண்ணையில் நின்று பேசாமல் உள்ளே போய் உட்காருங்கள். டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்று நீங்கள் சொல்வது, தலைமுறைகளாக அதே பதிலைக் கேட்டுவந்த வீட்டில் வேறு விதமாகவே விழும். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அக்கா, நம்ம கோயில்ல உங்களுக்கு மனசு நொந்த நாள் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. நாங்க பதில் சொல்ல வரலீங்க. கேட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கறோமுங்க." அதன்பிறகு உண்மையாகவே பதில் சொல்லாதீர்கள். "அவர் அப்படி நினைச்சுச் சொல்லியிருக்க மாட்டாருங்க" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த வீட்டின் வாய் அடைத்துப்போகும்.

பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரை எழுத வேண்டாம். பாலியல் துன்புறுத்தல், வன்கொடுமை போன்ற குற்றம் வெளிவந்தால் அது ஒப்புரவுக் கூட்டத்தில் பேசித் தீர்க்கிற விஷயமே கிடையாது. பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக நின்று சட்டப்படியான புகாருக்கு வழி செய்வதே சபையின் கடமை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றமானால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: ஐந்து இடங்களில் ஈடு செய்யுங்கள்

1. கூப்பிடும் விதம். அறுபது வயதுக் கோயில் பணியாளரைப் பதினைந்து வயதுப் பையன் பெயர் சொல்லி "வா, போ" என்கிறான்; அதே பையன் பண்ணையக்காரர் வீட்டு வாலிபரை "அண்ணா, வாங்க" என்கிறான். மரியாதைக்குப் பெயர் போன கொங்குத் தமிழ் சிலருக்கு மட்டும் அந்த "ங்க"வைக் கொடுக்காமல் இருந்திருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் முதல் பாடமாக இதை வையுங்கள்: கோயிலுக்குள் மூத்தவர் எல்லாரும் அண்ணா, அக்கா, ஐயா, அம்மா. ஆயரே முதலில் தொடங்கட்டும்.

2. பந்தி. இரட்டைக் குவளை வழக்கம் இருந்த மண் இது. அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில் தனிப் பந்தி இன்று இருக்காது. ஆனால் சமைக்கிறவர், பரிமாறுகிறவர், இலை எடுக்கிறவர் என்ற பிரிவினை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக் குலுக்கி வேலை பிரியுங்கள். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, மக்கள் 'பரட்டை' என்றழைத்த இசைஞர், ஒரே உலையில் எல்லாரும் சேர்ந்து சமைத்துண்பதைத் திருவிருந்தின் பொருளாகவே கற்பித்தார். தலித் குடும்பத்தார் சமைத்து எல்லாரும் உண்ணுகிற பண்டிகை உங்கள் சபையில் நடந்திருக்கிறதா?

3. கல்லறைத் தோட்டம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்குள்ளேயே தலித்துகளைப் பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டது தமிழகமெங்கும் பேசப்பட்டது. சுவர் இல்லாத கல்லறையிலும் 'அந்தப் பக்கம்' என்று ஒரு மூலை இருக்கக்கூடும். தீர்வு எளிது: ஒரே பதிவேடு, எண் போட்ட வரிசை, அடுத்த இறப்புக்கு அடுத்த குழி. குடும்பக் கல்லறைக்குப் பணம் வாங்கி இடம் ஒதுக்கும் வழக்கத்தை இனிமேலாவது நிறுத்துங்கள்.

4. சம்பளப் பதிவேடும் கழிவுத்தொட்டியும். கோயில் பணியாளர், காவலாளி, சபைப் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சம்பளத்தை அரசின் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் உயர்த்துங்கள், கடந்த ஆண்டுகளில் குறைத்துக் கொடுத்ததையும் கணக்கிட்டுக் கொடுங்கள். சகேயுவின் பாடம் அதுதான். அவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கென்றே தனி நல வாரியம் 2007 முதல் இருக்கிறது.

கழிவுத்தொட்டி விஷயத்தில் தயவுசெய்து கூடுதல் கவனம் எடுங்கள். உறிஞ்சும் லாரி வந்து தண்ணீரை எடுத்துவிடும். அடியில் இறுகிப்போன கசடு அப்படியே கிடக்கும். அப்போதுதான் யாராவது, "ஒரு ஆளை இறக்கிவிட்டா பத்து நிமிஷ வேலைங்க" என்பார். அந்தப் பத்து நிமிடத்தில் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்தால் கசடு இறுகாது. 'எந்தக் காரணத்துக்கும் ஆளை இறக்கக் கூடாது' என்று தீர்மானம் எழுதி, பள்ளி, விடுதி, மண்டபம் எல்லாவற்றிலும் ஒட்டிவையுங்கள்.

5. சுற்றுச்சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அவர்கள் அருந்ததியர். தலித் அமைப்புகள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தன. எபேசியர் 2:14-இல் கிறிஸ்து தகர்த்ததாகச் சொல்லப்படும் நடுச்சுவரைப் பற்றிப் பிரசங்கிக்கும் முன், கோயில் சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். சுவர் எவ்வளவு உயரம்? மழைநீர் வெளியேறத் துவாரங்கள் இருக்கின்றனவா? அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்? விரிசல் கண்ட இடத்தைப் பொறியாளரிடம் காட்டி, மழைக்காலத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். உயரத்தைக் குறைத்துக் கம்பி வேலி போட முடியுமானால் இன்னும் நல்லது.

சாதிச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை: 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். 2007-இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. சான்றிதழில் 'இந்து' என்றிருப்பதைக் காட்டி ஒரு குடும்பத்தின் விசுவாசத்தைச் சந்தேகிப்பது, சட்டம் தந்த காயத்தின்மேல் சபை தரும் இரண்டாம் காயம். சபை செய்யக்கூடியது வேறு: மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழக அரசு தரும் கல்வி உதவித்தொகைகளுக்கு ஜூன் மாதமே விண்ணப்ப உதவி மையம் நடத்துங்கள். நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறன்று, அந்தத் தடையை நீக்கக் கோரும் மனுவில் எல்லாச் சாதியாரும் கையெழுத்திடுங்கள்.

நான்காம் படி: நீரோடு ஒப்புரவு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். அதன் குறுக்கே 1992-இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ, அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றங்கரை விவசாயிக்கு அது நீதி. பட்டறையில் தினக்கூலிக்கு நின்றவருக்கோ அடுப்பெரியாத மாதங்கள்.

நொய்யல் கரைச் சபையொன்றில் இந்த மூவரும், பட்டறை முதலாளி, அங்கே வேலை செய்பவர், கீழ்மடை விவசாயி, ஒரே ஆராதனையில் உட்கார்ந்திருக்கக்கூடும். 'படைப்பைக் காப்போம்' என்று பொதுவாகப் பேசினால் மூவருமே ஆமென் சொல்லிவிட்டுப் போவார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை, வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதைச் சபைக்குள் பேச ஒரு வழி: மூவரும் தனித்தனியாகத் தங்கள் இழப்பைச் சொல்லட்டும், மற்ற இருவரும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லட்டும், அதன்பிறகு, "இந்த ஆண்டு உன்னால் ஆவது என்ன?" என்ற ஒரே கேள்வியை முதலாளியிலிருந்து தொடங்கிக் கேளுங்கள். சுத்திகரிப்புச் செலவைக் குறைக்கிறேன் என்று இரவில் கழிவைத் திறந்துவிடுகிறவர் சபையின் மூப்பராயிருந்தால், ஆயர் அவரைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். அவருடைய காணிக்கை பெரிது என்பதால் அந்தச் சந்திப்பு தள்ளிப்போகக் கூடாது.

சபை வளாகத்திலேயே செய்யக்கூடியவை:

மழைநீர்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். கோயில் கூரை 200 சதுர மீட்டர் (ஏறக்குறைய 2,150 சதுர அடி) என்றும், கோவையில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், 1,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கழித்தாலும் 96,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் கூரைக்குழாயையும் வடிகட்டித் தொட்டியையும் சுத்தம் செய்து, நீரை ஆழ்துளைக் கிணற்றருகே மண்ணில் இறக்குங்கள். வறண்ட ஏப்ரலில் கோயில் கிணற்றில் தண்ணீர் இருந்தால் தெருவுக்கும் ஒரு குழாய் வையுங்கள்.

விருந்து: பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் குவளையும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்தால் சபையின் எல்லாத் திருமணத்துக்கும் ஆகும். எல்லாருக்கும் அதே டம்ளர் என்பது இந்த மண்ணில் குப்பையைக் குறைக்கும் ஏற்பாடு மட்டும் ஆகாது. எச்சில் இலை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகட்டும். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச உபகாரம் அது.

குளம்: சபைக்கு அருகிலுள்ள குளத்தையோ வாய்க்காலையோ ஒன்றைத் தத்தெடுங்கள். படைப்பின் காலமான செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, சனிக்கிழமை தோறும் வாலிபர் சங்கம் அங்கே போகட்டும். ஊர்க்காரர்களோடும் பிற சமயத்தாரோடும் சேர்ந்து செய்யுங்கள். 1997 நவம்பர் இறுதியில் மதக் கலவரத்தில் நடந்த கொலைகளையும், 1998 பிப்ரவரி 14-இல் 58 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பையும் கண்ட நகரம் கோவை. பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தாரையும் கோயில் கமிட்டியாரையும் நல்ல நாளிலேயே தெரிந்து வைத்திருக்கும் சபைதான் கெட்ட நாளில் உதவ முடியும். திருப்பூர், கோவை ஆலைகளில் வேலை செய்யும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளரையும் அந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பது தொழில் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வழியில் வரும் மறுப்புகள்

"பழசை ஏனுங்க கிளறோணும்?" காயம் பட்டவருக்கு அது பழசாகவில்லை. கிளறாமல் விட்டதால் ஆறியிருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நம்ம சபையில சாதி இல்லீங்க." கடந்த பத்தாண்டில் சபைக்குள் நடந்த திருமணங்களையும் சேகரக் குழுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த இரண்டு தாளும் பேசட்டும்.

"பணம் எங்கே?" வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கும் மரியாதையாகக் கூப்பிடுவதற்கும் கல்லறைப் பதிவேட்டுக்கும் பணம் வேண்டாம். சம்பள உயர்வுக்கு வேண்டும். கோபுரத்துக்கு வண்ணம் பூசும் செலவை ஓர் ஆண்டு தள்ளிவைத்தால் அது வந்துவிடும்.

சேகரக் குழுவுக்கான தீர்மான வரைவு

அடுத்த கூட்டத்தில் கீழே உள்ளதை வாசித்து, திருத்தி, நிறைவேற்றுங்கள்.

1. லெந்து காலத்தில் நால்வர் குழு எல்லா வீடுகளையும் சந்தித்துக் கேட்கும். பெயர்கள் இல்லாத அறிக்கையைப் பெரிய வியாழனுக்கு முன் ஆயரிடம் தரும்.

2. சபைப் பணியாளர் சம்பளம் வரும் ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாது. பழைய பாக்கி தவணையாகத் தரப்படும்.

3. கழிவுத்தொட்டியிலும் சாக்கடையிலும் எக்காரணத்துக்கும் ஆள் இறங்கக் கூடாது.

4. கல்லறைத் தோட்டத்தில் ஒரே வரிசை, ஒரே பதிவேடு.

5. சுற்றுச்சுவரும் மழைநீர் அமைப்பும் செப்டம்பருக்குள் சோதிக்கப்படும்.

6. இவற்றில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று அறுப்பின் பண்டிகை ஆராதனையில், காணிக்கை எடுப்பதற்கு முன்னால், சபையாருக்கு அறிவிக்கப்படும்.

ஆறாவது தீர்மானத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நடக்காததையும் பீடத்தின் முன் உரக்கச் சொல்லத் துணிகிற சபைதான், அடுத்த ஆண்டு அதை நடத்திக்காட்டும்.